விளிம்பில் இருக்கிற பட்டன்

போன எபிசோட்டில் சின்ன சர்க்கிட் போர்ட்கள் பற்றிக் கதைத்தபோது நேரம் போதாமல் விட்டது பட்டன் விஷயம். மைக்குக்கு முன்னால் கதைக்கிறதைவிட இதை எழுதிக் காட்டுறது சுகம், மில்லிமீட்டர் கணக்கு நிறைய வருது. அதனால் இந்தக் கிழமை மடல் முழுக்க ஒரே ஒரு சாமான்தான்: பக்கத்தால் அமத்துகிற டாக்டைல் சுவிட்ச்.

முதலில் உங்கட ஃபோனைக் கையில் எடுங்கோ. விளிம்பில் பவர் பட்டன் இருக்கும், சத்தம் கூட்டிக் குறைக்கிற பட்டன்களும் இருக்கும். திரையில் விரலை வைத்து அமத்தினால் விசை உள்ளே இருக்கிற போர்ட்டுக்குச் செங்குத்தாக இறங்குது. பக்கப் பட்டனை அமத்தினால் விசை போர்ட்டுக்குச் சமாந்தரமாக, விளிம்பில் இருந்து உள்நோக்கிப் போகுது. சுவிட்ச் வாங்கப்போய் டேட்டாஷீட் பார்க்கிற ஆட்கள் முதலில் பார்க்கிறது உயரம், பிறகு விலை. இந்தத் திசை மாறினதால் என்ன நடக்குது என்பதைப் பார்க்கிறது குறைவு.

டாக்டைல் சுவிட்சுக்குள்ளே இருக்கிறது குமிழ் மாதிரி வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு. அமத்தினால் 'டிக்' என்று உள்ளே மடங்கி இரண்டு தொடுமுனைகளை இணைக்கும். விட்டால் தானாகவே திரும்பி எழும்பும். அது நகருகிற தூரம் பொதுவாக 0.2, 0.25 மில்லிமீட்டர். தேவைப்படுகிற விசை பெரும்பாலும் 1 நியூட்டனுக்கும் 3 நியூட்டனுக்கும் இடையில். 1 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிராம் எடையை விரலில் வைத்த மாதிரி. பக்கத்தால் அமத்துகிற வகையில் ஒன்றில் அந்தத் தகடே நிமிர்ந்து நிற்கும், அல்லது உள்ளே இருக்கிற சின்னத் தள்ளி சரிவில் வழுகித் தகட்டை அமத்தும். வெளியே தெரிகிறது மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன முனை.

(அப்பா அம்மா இலங்கையில் தமிழில் ஏ.எல். படித்தவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கோ, அவர்களின் பௌதிகவியல் புத்தகத்தில் சுவிட்சுக்குப் பேர் 'ஆளி'. எனக்கு அந்தச் சொல் நல்ல விருப்பம். ஆனால் 'டாக்டைல் ஆளி' என்று எழுதினால் கடையில் ஒருத்தரும் எடுத்துத் தரமாட்டார்கள்.)

என் மேசையில் இப்ப கிடக்கிற போர்ட் ஒரு கூப்பிடுகிற பட்டன். வால்தம்ஸ்டோவில் வார்னர் வீடுகள் தெரிந்த ஆட்களுக்கு அமைப்பு விளங்கும். வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு, ஒன்று கீழ் வீட்டுக்கு, மற்றது மேல் வீட்டுக்கு. எங்கட மேல் வீடு நீளமானது, ஒடுக்கமானது. முன் அறையில் அம்மம்மா, பின்பக்கம் குசினி. இடையில் இரண்டு கதவு சாத்தியிருந்து, குசினியில் காற்றாடியும் ஓடினால், அவ கூப்பிடுறது எங்களுக்குக் கேளாது. கழுத்தில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டி, அமத்தினால் குசினியில் மணி அடிக்கவேணும். அவ்வளவுதான் வேலை. இது 999-க்கு மாற்றில்லை, கவுன்சிலால் தருகிற அலாரத்துக்கும் மாற்றில்லை. ஆனால் அவவுக்கு 84 வயது, விரல் மூட்டுகளில் வாதம். இரவு மூன்று மணிக்குக் கட்டிலால் இறங்கேலாமல் இருந்து, பட்டன் வேலை செய்யாமல் போனால் என்ன நடக்கும் என்பதை யோசித்துத்தான் சுவிட்ச் தெரிவு செய்யவேணும்.

தடிப்புக் கணக்கு இப்படி. சிஆர்2032 பட்டரி 3.2 மில்லிமீட்டர். போர்ட் 0.8. பெட்டியின் மேலும் கீழுமாகச் சுவர் 1.5 வீதம் 3.0. எல்லாம் சேர்ந்து 7.0. கழுத்தில் பாரமாகத் தொங்காமல் இருக்க நான் வைத்த எல்லை 9. மிச்சம் 2 மில்லிமீட்டருக்குள் சுவிட்ச், அதற்கு மேல் ஒரு மூடி, அந்த மூடி அசைய இடம். பட்டரிக்கு மறுபக்கத்தில் மேலால் அமத்துகிற சுவிட்சைப் போட்டால் இறுக்கம். பக்கத்தில் போட்டால் அந்த 2 மில்லிமீட்டரும் மிச்சம். இந்தக் கணக்கைப் பார்த்தால் யாரும் பக்கத்துக்குத்தான் போவார்கள், அதுதான் எல்லாச் சின்ன டிசைனிலும் நடக்குது.

விசை எங்கே போகுது

2016இல் ஏழாம் ஆண்டில் இருந்த ஆட்களுக்கு பிபிசி மைக்ரோபிட் ஞாபகம் இருக்கும். அந்த வருசம் நாடு முழுக்க ஏறக்குறைய பத்து லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். முன்பக்கம் ஏ, பி என்று இரண்டு பட்டன், இரண்டும் மேலால் அமத்துகிறவை. பிள்ளைகள் அதைப் படுத்தாத பாடு இல்லை, ஆனாலும் பட்டன் கழன்று விழுந்தது என்று கேள்விப்படுறது அரிது. காரணம் சுலபம். பெருவிரல் முன்னால் அமத்தும்போது மற்ற விரல்கள் போர்ட்டைப் பின்னால் தாங்குது. விசை சுவிட்சுக்கு ஊடாக நேரே போர்ட்டுக்குள் இறங்கி மற்றக் கையில் முடியுது. சோல்டருக்கு அங்கே வேலையே இல்லை, சுவிட்ச் இடம் மாறாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

பக்கத்தால் அமத்தினால் சோல்டர்தான் முழுப் பாரத்தையும் வாங்குது. கணக்கைப் பார்ப்பம். மூக்கின் நடுப்பகுதி போர்ட்டில் இருந்து 0.8 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வையுங்கோ, முன் பின் பாட்களுக்கு இடையில் 2 மில்லிமீட்டர். அமத்த வேண்டிய விசை 1.6 நியூட்டன்தான். ஆனால் ஃபோன் உறைந்துபோய் நிற்கும்போது, பதறின மனிசர் 1.6 நியூட்டனோடு நிற்கிறதில்லை. விரலால் 30 நியூட்டன் கொடுக்கிறது ஒரு பெரிய வேலையில்லை. அந்த 30 நியூட்டன் சுவிட்சை உள்ளே தள்ளுறது ஒரு பக்கம். அதோடு 0.8 மில்லிமீட்டர் உயரத்தில் தள்ளுறதால் சுவிட்சை உள்பக்கமாகச் சரிக்கவும் பார்க்குது. முன்பக்கப் பாட்கள் 12 நியூட்டனால் மேல்நோக்கி இழுபடும். செம்பை ஃபைபர் கிளாஸில் ஒட்டிவைத்திருக்கிறது வெறும் பசை. தள்ளுறதை அது தாங்கும். உரிக்கிறதைத் தாங்கிறது கஷ்டம், செலோடேப்பை ஒரு நுனியில் பிடித்து இழுக்கிற மாதிரி.

அதனால் பக்க சுவிட்ச் பார்க்கும்போது விலைக்கு முதல் பார்க்கவேண்டியது அதன் அடிப்பக்கம். அடியில் ஒன்றுமே இல்லாமல் நான்கு கால் மட்டும் இருந்தால், எல்லாம் பசையின் கையில். அடியில் இரண்டு பிளாஸ்டிக் குமிழ் இருந்து, அது போர்ட்டில் போட்ட ஓட்டைக்குள் இறங்கினால், உள்ளே தள்ளுகிற விசையை அந்த ஓட்டைச் சுவர் வாங்கும். ஆனால் தூக்குகிற விசையைக் குமிழ் வாங்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். உலோகக் கால் ஓட்டைக்குள் இறங்கி, மறுபக்கத்தில் சோல்டர் ஆகினால் இரண்டையும் வாங்கும். 6 மில்லிமீட்டர் பழைய வகை பட்டனை ஒரு உலோகத் தாங்கியோடு நிமிர்த்தி வைத்து விற்கிறார்கள், அது பார்க்க வடிவில்லை, ஆனால் பிடுங்கேலாது. இடம் இருந்தால் நான் அதைத்தான் போடுவன்.

இடமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கு. போர்ட்டின் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, சுவிட்ச் அதற்குள் பாதி தாழ்ந்து உட்காருகிற வகை. மூக்கின் உயரம் போர்ட்டின் தடிப்போடு ஒரே கோட்டுக்கு வருது, அதனால் சரிக்கிற விசை அநேகமாக இல்லாமல் போகுது. உயரமும் குறையுது. பார்க்க எல்லாப் பிரச்சினைக்கும் விடை மாதிரி. ஒரு விஷயம் மட்டும்: போர்ட் வெட்டுகிற கருவி சுழல்கிற உருளை, அதனால் பள்ளத்தின் உள்மூலை ஒருநாளும் கூராக வராது. சதுர மூலை கீறி அனுப்பினால் வட்ட மூலைதான் திரும்பி வரும், சுவிட்ச் முழுக்க இறங்காது. மூலையைக் கொஞ்சம் வெளியே நீட்டிக் கீறவேணும்.

காசுள்ள கொம்பனிகள் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரித் தீர்க்கிறார்கள். ஃபோன்களில் பக்கப் பட்டன்கள் பொதுவாகப் பிரதான போர்ட்டில் இருக்கிறதே இல்லை. வளைகிற மெல்லிய சர்க்கிட் ஒன்றில் பொருத்தி, அதை ஒரு உலோகத் தகட்டோடு ஃபோனின் சட்டத்தில் இறுக்கிவிடுவார்கள். 30 நியூட்டனோ 50 நியூட்டனோ, சட்டம் வாங்கிக்கொள்ளும். உங்கட கையில் இருக்கிற ஐபோன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டினதாகக்கூட இருக்கலாம். 2006இல் இருந்து 2014 வரை நோக்கியா ஃபோன்கள் வந்ததும் அதே ஊரில் இருந்துதான். அங்கே வரிசையில் நின்று அந்தத் துண்டுச் சர்க்கிட்டை உள்ளே வைத்துப் பூட்டுகிற கைகள் எங்கட மொழி பேசுகிற கைகள் என்பது, இந்த நாட்டில் டெக் பற்றிக் கதைக்கும்போது ஞாபகத்துக்கு வராத விஷயம்.

ஆனாலும் காசு இருந்தால் பிழைக்காது என்றில்லை. 2014 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு அறிவித்தல் விட்டது. 2013 மார்ச் வரை செய்த ஐபோன் 5களில் ஒரு சிறு வீதத்தில் ஸ்லீப்/வேக் பட்டன் வேலை செய்யாமல் போகலாம், இல்லாட்டி விட்டுவிட்டு வேலை செய்யலாம், கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவோம் என்று. 7.6 மில்லிமீட்டர் தடிப்பான ஒரு ஃபோன், மேல் விளிம்பில் ஒரு பட்டன். ஃபோனில் மற்ற எல்லாம் வேலை செய்யும், ஆனால் திரையை அணைக்கேலாது. அந்தக் காலத்தில் திரையில் மிதக்கிற அசிஸ்டிவ் டச் வட்டத்தை வைத்துக்கொண்டு திரிந்த அக்கா அண்ணாமாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அமத்தாமலே அமத்துப்படுறது

பட்டன் வேலை செய்யாமல் போறது ஒரு பக்கம். மறுபக்கம், யாரும் அமத்தாமலே வேலை செய்யுறது. இதற்கு இந்த நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கு.

2023 ஜூனில் தேசிய பொலிஸ் தலைவர்கள் சபை, நாடு முழுக்க 999 அழைப்புகள் என்றுமில்லாத அளவுக்குக் கூடியிருப்பதாகவும், ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு வந்த ஒரு அப்டேட் அதற்கு ஒரு காரணம் என்று நினைப்பதாகவும் அறிவித்தது. பக்கப் பட்டனை அடுத்தடுத்து ஐந்து தரம் அமத்தினால் அவசர அழைப்புப் போகிற வசதி அது. காற்சட்டைப் பையில், கைப்பையில், சாவிக்கொத்தோடு உரசி, ஐந்து தரம் அமத்துப்பட்டு, மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லாத அழைப்புகள். அழைப்பை எடுத்த ஆளுக்கு அது பையில் தானாகப் போனதா, வாய் திறக்கேலாத ஆபத்தில் யாரும் இருக்கினமா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் விசாரிக்கவேணும். தவறுதலாகப் போனால் வைத்துவிடாமல், பிழையாகப் போட்டுவிட்டோம் என்று சொல்லுங்கோ என்று பொலிஸ் கேட்டுக்கொண்டது.

சாஃப்ட்வேர் ஆட்கள் இதை சாஃப்ட்வேர் பிரச்சினை என்பார்கள். எனக்கென்னவோ இது முதலில் இடத்தின் பிரச்சினை. விளிம்பு என்பது ஒரு பொருளை நாங்கள் பிடிக்கிற இடம். கையில் எடுத்தால் விரல் போறது விளிம்புக்கு, பைக்குள் போட்டால் இடிபடுறது விளிம்பு. ஐபோனில் பவரும் சத்தம் கூட்டுகிற பட்டனும் நேரெதிரே இருக்கிறதால், இறுக்கிப் பிடித்த பிடியில் தேவையில்லாத ஸ்கிரீன்ஷொட் எத்தனை விழுந்திருக்கும் என்று உங்கட கலரியைத் திறந்து பாருங்கோ. பக்க சுவிட்ச் போடுகிற ஒவ்வொருத்தரும், 'இதை யாரும் நினைக்காமல் அமத்தினால் என்ன செலவு' என்று ஒருக்கால் எழுதிப் பார்க்கிறது நல்லது.

நல்லாகச் செய்த ஒன்றையும் சொல்லவேணும். ராஸ்பெரி பை 2012 பெப்ரவரி 29 அன்று வந்தது. பிரதான வரிசைப் போர்ட்களில் பதினொரு வருசத்துக்கு மேல் பவர் பட்டனே இல்லை. வயரைப் பிடுங்கினதால் எத்தனை எஸ்டி கார்ட் பழுதாகியிருக்கும் என்று கணக்கில்லை. 2023இல் வந்த பை 5இல்தான் பட்டன் வந்தது, அதுவும் போர்ட்டின் விளிம்பில், பக்கத்தால் அமத்துகிறதாக, நிலை காட்டுகிற லைட்டுக்குப் பக்கத்தில். மேலால் அமத்துகிற பட்டன் போட்டிருந்தால், விசிறியும் மேலே பூட்டுகிற துணைப் போர்ட்களும் அதை மூடியிருக்கும். பையை அநேகமான ஆட்கள் பெட்டிக்குள் வைத்து மேசையில் விட்டுவிடுவார்கள், பைக்குள் போட்டுத் திரியிறதில்லை. அதனால் விளிம்பு இங்கே சரியான இடம்.

எனக்குப் பிடித்தது அதைச் சுற்றி இருக்கிற மற்ற ஏற்பாடு. டெஸ்க்டொப் ஓடும்போது ஒருக்கால் அமத்தினால் உடனே அணையாது, அணைக்கவா, திரும்பத் தொடங்கவா என்று கேட்டு ஒரு மெனு வரும். இரண்டு தரம் விரைவாக அமத்தினால்தான் ஒழுங்காக அணையும். பிடித்துக்கொண்டிருந்தால் பலவந்தமாக அணையும். கைபட்டால் பெரிய செலவில்லை. அதோடு ஜே2 என்று இரண்டு பாட் போர்ட்டில் விட்டிருக்கிறார்கள், அதில் இரண்டு வயர் பிடித்து உங்களுக்கு விருப்பமான பெரிய பட்டனை வெளியே பூட்டலாம். போர்ட்டில் உள்ள சின்ன சுவிட்ச் ஒருநாள் போனாலும் முழுப் போர்ட்டும் போகாது. சின்னப் போர்ட் செய்கிற ஆட்களுக்கு இரண்டு வெற்றுப் பாட் விடுறதுக்குச் செலவு ஒன்றுமில்லை, நான் எல்லாப் போர்ட்டிலும் விடுவன்.

நோர்வேயின் நோர்டிக் கொம்பனி செய்கிற என்ஆர்எஃப்52840 டொங்கிள் வேறு மாதிரி உதாரணம். யூஎஸ்பி துளைக்குள் நேரே செருகுகிற சின்னப் போர்ட், இரண்டு பட்டன். ஒன்று மேலால் அமத்துறது. மற்றது, ரீசெட், பக்கத்தால். புதிதாக வாங்கின ஆட்கள் இரண்டையும் மேலால் குத்துவார்கள், ரீசெட் அசையாது, போர்ட் பழுது என்று நினைப்பார்கள். அந்தப் பட்டன் மேலே பார்த்தில்லை, பக்கவாட்டாகப் பார்த்து இருக்கு என்று நோர்டிக்கின் வழிகாட்டியிலேயே எழுதவேண்டி வந்திருக்கு. பெட்டி இல்லாமல் வெறும் போர்ட்டாகப் போகிற சாமானில் பக்க சுவிட்ச் போட்டால், போர்ட்டில் ஒரு அம்புக்குறி அச்சடிக்கிறது புத்தி.

0.2 மில்லிமீட்டர்

இனிப் பெட்டி. என்னைப் பொறுத்தவரை பக்க சுவிட்சில் அரைவாசி வேலை இங்கேதான்.

சுவிட்ச் நகருகிற தூரம் 0.2 மில்லிமீட்டர் என்றேன். போர்ட்டின் வெளி விளிம்பை வெட்டுகிற கடைகள் பொதுவாகக் கொடுக்கிற துல்லியமும் கூட்டிக் குறைத்து 0.2 மில்லிமீட்டர். வீட்டில் 3டி பிரிண்ட் செய்த பெட்டியும் அதே அளவு பிழைக்கும். அதாவது சுவிட்சின் முழு அசைவும், அதைச் சுற்றி இருக்கிற பிழையும் ஒரே அளவு. போர்ட் ஒரு பக்கம் 0.2 தள்ளி உட்கார்ந்தால் பெட்டியின் பட்டன் சுவிட்சை நிரந்தரமாக அமத்திக்கொண்டிருக்கும். மறுபக்கம் தள்ளினால் எவ்வளவு அமத்தினாலும் எட்டாது. மேலால் அமத்துகிற வகையில் போர்ட்டின் தடிப்பும் பெட்டியின் உயரமும்தான் கணக்கு, அவை இரண்டும் நல்ல துல்லியமாக வரும். பக்கத்தில் விளிம்பு கணக்குக்குள் வந்துவிடுது.

இதற்கு நான் செய்கிறது, பெட்டியைப் போர்ட்டின் விளிம்புக்குப் பொருத்தாமல், போர்ட்டில் போட்ட ஓட்டைக்குப் பொருத்துறது. ஓட்டையும் பாட்களும் ஒன்றுக்கொன்று விளிம்பைவிட நல்லாகப் பொருந்தி வரும். சுவிட்சுக்குக் கிட்ட ஒரு ஓட்டை, அதற்குள் பெட்டியின் ஒரு முளை. பிறகு பெட்டியின் பட்டன் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிற மெல்லிய நாக்காக இருக்கவேணும், கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதோடு நாக்கு 0.4, 0.5 மில்லிமீட்டர் உள்ளே போனதும் பெட்டியின் சுவரிலேயே முட்டி நிற்கிற மாதிரி ஒரு படி. அதற்குப் பிறகு ஆள் 30 நியூட்டன் போட்டால் என்ன, 60 போட்டால் என்ன, பெட்டிதான் வாங்கும்.

நிரந்தரமாக அமத்துப்பட்ட பட்டன் பட்டரியையும் தின்னும். என்ஆர்எஃப்52 சிப்பின் உள்ளே இருக்கிற புல்-அப் தடை ஏறக்குறைய 13 கிலோ ஓம். 3 வோல்ட்டில் அமத்துப்பட்டபடி கிடந்தால் 0.23 மில்லிஅம்பியர் ஓடும். சிஆர்2032இல் இருக்கிறது 220 மில்லிஅம்பியர்-மணி அளவு. 40 நாளில் முடிஞ்சுது. சரி, வெளியே 1 மெகா ஓம் தடை போடுவம் என்றால் ஓடுறது 3 மைக்ரோஅம்பியர், பட்டரி தப்பும். ஆனால் சுவிட்சின் தொடுமுனையில் படிகிற மெல்லிய படலத்தை உடைக்க ஒரு குறைந்த மின்னோட்டம் தேவை. ஆல்ப்ஸ் மாதிரி ஆட்களின் டேட்டாஷீட்டில் குறைந்தது 10 மைக்ரோஅம்பியர் என்று போட்டிருக்கும். வெள்ளி முலாம் என்றால் நாளாக நாளாகக் கறுக்கும். நான் நிற்கிறது 100 கிலோ ஓமில்: 30 மைக்ரோஅம்பியர், பட்டன் சிக்கினாலும் பத்து மாதம் போகும்.

வாங்கும்போது பெயரைக் கவனமாகப் பாருங்கோ. ஃபார்னெல், ஆர்எஸ், மௌசர் எல்லாவற்றிலும் வடிகட்டியில் 'சைட் ஆக்சுவேட்டட்' ஒரு இடத்திலும் 'ரைட் ஆங்கிள்' இன்னொரு இடத்திலும் கிடக்கும், இரண்டையும் தேடவேணும். ஒம்ரோனின் பி3யூ வரிசையில் பி3யூ-1000பி மேலால் அமத்துறது, பி3யூ-3000பி பக்கத்தால். கடைசியில் ஒரு கோடும் 'பி' எழுத்தும் சேர்ந்தால்தான் அடியில் குமிழோடு வரும். அந்த ஒரு எழுத்தை விட்டு ஓடர் பண்ணினால் வருகிற சாமான் பார்க்க அச்சொட்டாக அதே மாதிரி இருக்கும், ஓட்டைக்குள் இறங்க ஒன்றும் இருக்காது. கூட்டிப் பொருத்தித் தருகிற கடைக்கு அனுப்புகிறீர்கள் என்றால், மூக்கு விளிம்பைத் தாண்டி நீட்டுகிற பக்கத்தில் பனலை உடைக்கிற கோடோ ஓட்டை வரிசையோ வராமல் போட்டுக் கொடுங்கோ. உடைக்கும்போது வளைகிற வளைவு நேரே சுவிட்சின் பாட்களுக்குத்தான் போகும். இன்னொன்று, மூடி அடைக்காத வகைச் சுவிட்சைக் கழுவக்கூடாது. பிளக்ஸ் கலந்த திரவம் மூக்கு நுழைகிற இடைவெளியால் உள்ளே போய்க் காய்ந்தால், 'டிக்' சத்தம் வரும், இணைப்பு வராது.

அம்மம்மாவின் பெட்டிக்கு வருவம். பக்க சுவிட்ச் போட்ட ஒரு வெற்றுப் பெட்டியையும் மேல் சுவிட்ச் போட்ட ஒன்றையும் பிரிண்ட் செய்து கையில் கொடுத்தேன். பக்கப் பட்டனை அமத்த, எதிர் விளிம்பை மற்ற விரலால் தாங்கவேணும். கயிற்றில் தொங்குகிற பெட்டி அதற்குள் திரும்பிவிடுது. வாதம் வந்த விரலுக்கு அந்த நுள்ளுகிற பிடி சரிவராது. மேலால் அமத்துறதைக் கொடுத்தவுடனே நாலு விரலைப் பின்னால் வைத்துப் பெருவிரலால் ஒரு அமத்து. "இது சரி, மற்றது நழுவுது" என்றா. முடிஞ்சுது.

தடிப்புக்கு என்ன செய்கிறது? பட்டரி 20 மில்லிமீட்டர் விட்டம், போர்ட் நீளம் 36. பட்டரி நிற்கிற அதே பக்கத்தில், அதற்குப் பக்கத்தில் மிஞ்சுகிற துண்டில் மேல் சுவிட்சைப் போட்டால், பட்டரி ஏற்கெனவே எடுத்த 3.2 மில்லிமீட்டர் உயரத்துக்குள் சுவிட்சும் மூடியும் அடங்குது. பெட்டி 9ஐத் தாண்டவே இல்லை. மூடி ஒரு பக்கம் கீல் மாதிரி, சுவிட்ச் அதன் நடுவில். நுனியில் அமத்தினால் 1.6 நியூட்டன் சுவிட்சுக்கு 0.8 போதும், அசைவு மட்டும் இரண்டு மடங்கு. சுற்றிவர 1 மில்லிமீட்டர் வரம்பு, நெஞ்சோடு படுத்தாலும் இலகுவில் அமத்துப்படாது. அப்படியே பட்டாலும் குசினியில் மணி அடிக்கும், யாரும் எழும்பி வந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான் செலவு.

பக்க சுவிட்சும் அதே போர்ட்டில் இருக்கு, குமிழோடு வருகிற வகை. 1.5 மில்லிமீட்டர் ஓட்டைக்குப் பின்னால், சிம் கார்ட் ஊசியால் குத்தினால் மட்டும் எட்டுகிற ஆழத்தில். ரிசீவரோடு முதல் தரம் சேர்க்கிறதுக்கும் ரீசெட்டுக்கும். வருசத்துக்கு இரண்டு தரம், நான் மட்டும் அமத்துகிற பட்டன். போர்ட் கோப்பு கடைக்குப் போட்டாச்சு, ஐந்து துண்டு வருது. அதில் ஒன்றின் பக்க சுவிட்சை ஊசியால் தள்ளித் தள்ளிப் பிடுங்கிப் பார்க்கப் போறன். எந்தப் பாட் முதலில் உரியுது என்பதை அடுத்த எபிசோட்டில் சொல்லுறன்.